சுதேசிபோல எண்ணி: இலங்கைத் தமிழ் ஏதிலியருக்குச் சபை துணைநிற்பது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் வாசலில் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கேக், சேலை, சுவர்க் கடிகாரம், காலண்டர், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ஒரு வாலிபர் என்று ஒரே வாரத்தில் நான்கு சபைகள் வந்துபோன ஆண்டும் உண்டு. அந்த முகாமில் நாற்பது ஆண்டுகளை எட்டப்போகும் மூதாட்டி ஒருவர் ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டிசம்பர் மாசம் எங்களுக்கு நிறையச் சொந்தக்காரர், தம்பி. ஜூன் மாசம்தான் ஒருத்தரையும் காணேல்லை." ஜூன், பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதமும் அதுதான்.

போரினால் ஊரை இழந்து வந்தவர்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தின் பேரில் உதவ விரும்பும் சபைகளுக்காகவும் தனி ஆட்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சபையின் நலப்பணிக் குழுவில் இருந்த ஆண்டுகளில் நாங்கள் சரியாகச் செய்தவை குறைவு. தவறாகச் செய்து திருத்திக்கொண்டவையே அதிகம். தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழரை மனத்தில் வைத்தே எழுதினாலும், இவற்றுள் பல எந்த ஏதிலியர் நடுவிலும் செல்லுபடியாகும்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறத் தொடங்கியவர்கள், 1990இலும் 1990களின் நடுவிலும் 2006க்குப் பிறகும் அலை அலையாக வந்தார்கள். 2012 வரை வந்தவர்களின் தொகை ஏறத்தாழ 3 லட்சம். அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பிப் போயிருக்கிறார்கள், அல்லது வேறு நாடுகளுக்குச் சென்றிருக்கிறார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருப்பவர்கள் வேறு. இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது 2022 மார்ச் முதல் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வந்திறங்கி மண்டபம் என்ற ஊரிலுள்ள முகாமில் தங்கவைக்கப்பட்டவர்கள் அண்மைக்காலத்தவர்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967 நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் இவர்கள் பெரும்பாலும் அயல்நாட்டவர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதோடு, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும் மாத உதவித்தொகையை உயர்த்தவும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்பது அப்போது அறிவிக்கப்பட்ட அளவு. அரிசியும் அரசு தருகிறது. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், முதல் தடவை போகும் சபை ஏறக்குறைய எப்போதும் அரிசி மூட்டையோடுதான் போகும். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது அதுதான்.

எந்தச் சொல்லால் அவர்களைக் குறிப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். நமது வேதாகமத் தமிழில் 'பரதேசி' என்பது மதிப்புள்ள சொல்; பூமியின்மேல் தங்களை அந்நியரும் பரதேசிகளும் என்று விசுவாச முற்பிதாக்கள் அறிக்கையிட்டதாக எபிரெயர் நிருபம் சொல்கிறது. தெருவிலோ அது வசைச்சொல். மன்றாட்டு ஜெபத்தில் "பரதேசிகளுக்காக" என்று ஒரு மூப்பர் உருக்கமாக வேண்டிக்கொண்டபோது, கடைசி பெஞ்சில் இருந்த ஒரு முகாம் வாலிபர் எழுந்து வெளியே போனதை நான் பார்த்திருக்கிறேன். 'அகதி' என்ற சொல்லையும் அவர்கள் தாங்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். அடுத்தவர் வாயில் அது வேறு ஒலியோடு வரும். பெயரைச் சொல்லி அழைப்பதும், 'அண்ணன்', 'அக்கா', 'அம்மா' என்பதும் போதும்.

நமது கதையை முதலில் சபைக்குச் சொல்லுங்கள்

அந்நியனைச் "சுதேசிபோல எண்ணி" அன்புகூரும்படி லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடும்போது, "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே" என்று அதற்குக் காரணமும் சொல்கிறது. இரக்கப்பட்டு உதவுங்கள் என்று அங்கே சொல்லவில்லை. உங்கள் நினைவிலிருந்து உதவுங்கள் என்கிறது. தென்மாவட்டக் கிறிஸ்தவர்களுக்கு இந்த நினைவைத் தேடி எகிப்துவரை போகவேண்டியதில்லை. விசுவாசத்தினிமித்தம் சொந்த ஊரில் இருக்கமுடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக, உபதேசியார் சுந்தரானந்தம் தாவீது முயன்று 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கிய குடியேற்றம்தான் சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள முதலூர். திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவ ஊர், ஏதிலியருக்காகவே எழுந்த ஊர். நமது ஊர்ப்பெயர்களில் ஒன்று அடைக்கலாபுரம் என்றிருப்பதையும் கவனிக்கலாம்.

இலங்கையோடு நமக்குள்ள தொடர்பும் நேற்று உண்டானதன்று. காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் இங்கிருந்து போன தொழிலாளருக்காக 1854இல் அங்கே ஒரு மிஷன் தொடங்கப்பட்டபோது, அதில் ஊழியம் செய்யத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் போனார்கள். இன்று ஏதிலியர் வந்திறங்கும் மண்டபம் முகாமே, தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்புவதற்காக இலங்கை அரசுக்கென்று அமைந்த இடம். அன்று அந்த வாசல் வழியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் அதே வாசல் வழியாக ஏதிலியராகத் திரும்பி வந்திருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது யாழ்ப்பாண ஆதீனமும் (நம் வழக்கில் திருமண்டலம்) அதில் ஒன்றானது, ஆகவே சி.எஸ்.ஐ. சபையார் பலர் "வெளியார்" என்று நினைக்கும் ஒரு குடும்பம் சபை ஒழுங்கின்படி நமது குடும்பமாகவே இருக்கக்கூடும்.

இந்தக் கதையை ஒரு ஞாயிறு பிரசங்கத்திலும் ஓய்வுநாள் பள்ளியிலும் சொன்ன பிறகு காணிக்கை எடுங்கள். நாங்கள் முதலில் காணிக்கை எடுத்துவிட்டுப் பிறகு விளக்கினோம். பணம் சேர்ந்தது; ஆனால் முகாமுக்கு வர ஏழு பேர்தான் கிடைத்தார்கள்.

அனுமதியும் முதல் சந்திப்பும்

முகாம், நினைத்தபோது நுழையும் இடமன்று. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் கீழ் அது இயங்குகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அனுமதி பெறவேண்டும். காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பும் உண்டு. குறிப்பிட்ட நாள்களில் குடும்பத்தினர் நேரில் நின்று பெயர் கொடுக்கும் கணக்கெடுப்பு நடக்கும். யார், எத்தனை பேர், எதற்காக, எத்தனை மணிநேரம் என்று சபையின் கடிதத்தாளில் எழுதி, போதகர் கையொப்பத்தோடு முன்கூட்டியே கொடுங்கள். அனுமதியில்லாமல் போனால் உங்களை வெளியே அனுப்புவதோடு விஷயம் முடிந்துவிடும். விசாரணைக்குப் பதில் சொல்லவேண்டியவர் உங்களை உள்ளே அழைத்த முகாம்வாசி. ஒரு கணக்கெடுப்பு நாளில் நாங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அழைத்துவந்து, அவர்களுடைய பெற்றோர் வரிசையில் நின்று விளக்கம் சொல்லும்படி வைத்துவிட்டோம். தேதியைக் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

ஏற்கெனவே அங்கே வேலைசெய்கிறவர்களை முதலில் பாருங்கள். எஸ். சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஏதிலியர் தாங்களே நடத்தும் அமைப்பு. வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியவர்களைக் கண்டு மனம் கலங்கிய இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே 1980இல் தொடங்கிய இயேசு சபையினரின் அகதிகள் பணி, தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்புகளையும் பயிற்சிகளையும் நெடுங்காலமாக நடத்திவருகிறது. நாம் புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிட, அவர்களுக்கு இரண்டு ஆசிரியர்களைத் தருவது பயனுள்ளது. இது சபைக் கமிட்டிகளுக்கு எளிதில் பிடிக்காத ஆலோசனை என்பதை அறிவேன்.

முதல் சந்திப்புக்கு மூன்று அல்லது நான்கு பேர் போதும். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். வெறுங்கையோடு போங்கள். பல முகாம்களின் பழைய வீடுகள் பத்துக்குப் பத்து அடி அளவில், நடுவில் ஒரு சேலையைத் தடுப்பாகக் கட்டியவை. ஆறு பேர் உள்ளே போனால் வீட்டுக்காரர் வெளியே நிற்க நேரும். தேத்தண்ணி தருவார்கள், சில வேளைகளில் பாலில்லாத பிளேன்டீ. "வேண்டாம், இப்போதுதான் குடித்தோம்" என்பது நம் ஊரில் மரியாதை. அங்கே தங்கள் கைபட்டதை மறுப்பதாகவே அது படும். வாங்கிக் குடியுங்கள்.

பேச்சிலும் ஒரு கவனம் தேவை. திருநெல்வேலிப் பக்கத்தில் 'ஏலே' என்பது அன்பின் சொல்லாகவும் வரும். வயதில் இளையவரை 'நீ' என்று அழைப்பது இங்கே இயல்பு. யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் முன்பின் அறியாதவர் 'நீ, வா, போ' என்று பேசுவதை எளிதில் மறப்பதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையையும் 'நீங்கள்' என்றே அழையுங்கள். அவர்கள் 'கதைக்கிறது', 'வடிவு', 'கெதியா' என்று சொல்லும்போது சிரிக்காதீர்கள்; போலசெய்து காட்டவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இந்தக் கேலிக்குப் பயந்து, வீட்டில் ஒரு தமிழும் வகுப்பில் ஒரு தமிழுமாகப் பேசி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

கொடுக்கும் முறை

ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் செய்ததைக் கவனமாக வாசியுங்கள். ரூத் மோவாப் தேசத்தாள், விதவை, கதிர் பொறுக்க வந்தவள். போவாஸ் அவளைக் கூப்பிட்டு ஒரு மூட்டை வாற்கோதுமையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் தம் வேலைக்காரரிடம், அரிகளில் சிலவற்றை அவளுக்காகச் சிந்தவிடும்படியும் அவளை அதட்டாதிருக்கும்படியும் சொன்னார். அவள் தன் உழைப்பினால் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொடுத்தவர் இன்னாரென்று வயலில் யாருக்கும் தெரியவேண்டியிருக்கவில்லை. வாங்குகிறவள் குனிந்தது கதிருக்காக மட்டுமே. நான் அறிந்தவரை ஏதிலியர் பணிக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் இல்லை.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? பழைய துணி சேகரிப்பதை நிறுத்துங்கள். எங்கள் சபையில் ஒருமுறை பதினொரு மூட்டைத் துணி சேர்ந்தது. முகாமில் பிரித்தபோது ஊக்கு குத்தியபடியே ஒரு கிழிந்த பட்டுச்சேலை வந்தது. அதைக் கையிலெடுத்த பெண் மடித்து, ஊக்கைக் கழற்றி எங்களிடம் தந்துவிட்டு, "ஆரோ மறந்து வைச்சிட்டினம் போலை" என்றார். அவர் எங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதன்பிறகு பக்கத்து ஊர்ச் சபையார் ஒருவரின் துணிக்கடையில் சீட்டு ஏற்பாடு செய்தோம். குடும்பத்தினர் தாங்களே கடைக்குப் போய், நிறம் பார்த்து, பேரம் பேசி வாங்கிக்கொள்வார்கள். கணக்கைச் சபை மாதக் கடைசியில் தீர்த்துவிடும். சீட்டில் சபையின் பெயரோ சிலுவைக் குறியோ இல்லை, ஓர் எண் மட்டும்.

புகைப்படம் எடுக்கவேண்டாம். சேலையின் ஒரு முனை போதகர் கையிலும் மறுமுனை ஒரு தாயின் கையிலுமாக, பின்னால் டிஜிட்டல் பேனர் தெரிய, இருவரும் கேமராவைப் பார்த்து நிற்கும் படத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற வசனம் கைப்பேசிக்கும் பொருந்தும். இலங்கையில் உறவினர் இருப்பவர்களுக்கும் வழக்கில் சிக்கியவர்களுக்கும், தங்கள் முகம் இணையத்தில் வருவது வெட்கத்தைவிடப் பெரிய தொல்லையைக் கொண்டுவரும்.

பணத்துக்குக் கைப்பிடி அரிசி வழக்கம் நல்ல மாதிரி. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் படைத்த பாட்டிமார் நம்மிடையே இருந்தார்கள். மிசோரம் சபைகளிலும் ஒரு நூற்றாண்டாக இதே வழக்கம் உண்டு. 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் எல்லை தாண்டிவந்த ஆயிரக்கணக்கான சின் மக்களை, அவர்களை உள்ளே விடவேண்டாம் என்று ஒன்றிய அரசு சொல்லியும், அந்தச் சிறிய மாநிலம் சேர்த்துக்கொண்டது. அங்குள்ள சபைகளும் இளைஞர் சங்கங்களும் சோறும் கூரையும் தந்தன. டிசம்பரில் ஒரே தொகையாக ஐம்பதாயிரம் கொடுப்பதைவிட, மாதந்தோறும் நாலாயிரம் என்று ஆண்டு முழுவதும் தவறாமல் வருவதை ஒரு குடும்பமோ மாணவரோ நம்பித் திட்டமிட முடியும்.

பைக்குள் இருக்கும் தாள்கள்

நான் அறிந்த ஏறக்குறைய எல்லா முகாம் வீடுகளிலும், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒரு பை உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த தாள்கள்: வந்திறங்கிய நாளின் பதிவுச் சீட்டு, முகாம் குடும்ப அட்டை, இலங்கையில் எழுதிய பிறப்புப் பதிவு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள். தீ விபத்தோ வெள்ளமோ வந்தால் முதலில் எடுக்கப்படுவது அந்தப் பை. சபை செய்யக்கூடிய உதவிகளுள் மிக முக்கியமானது இந்தப் பைக்குத்தான் என்பது என் முடிவு. மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியாத உதவியும் இதுவே.

தாள்களில் உள்ள தேதிகள் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். முகாமில் 1985இலோ 1986இலோ பிறந்த ஒருவருக்கு இந்த ஒரு பிரிவே கடவுச்சீட்டுக்கும் வாக்குரிமைக்கும் வழி திறக்கலாம். அதற்கு அவர் அந்தத் தேதியில் இங்கே பிறந்ததை நிறுவவேண்டும். 1987 ஜூலை 1 தொடங்கி 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்கவேண்டும்; அதற்குப் பின் விதி இன்னும் இறுகுகிறது. தோட்டங்களுக்கு இங்கிருந்து போன மலையகத் தமிழர் வழிவந்தவர்களின் நிலை வேறு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்டது. தாத்தாவின் பழைய இந்தியக் குடியுரிமை விண்ணப்பமோ கடவுச்சீட்டோ பெட்டியில் கிடந்தால் அது சாதாரணத் தாளன்று. கடவுச்சீட்டு, விசா இன்றித் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கும் 2025ஆம் ஆண்டின் ஒன்றிய அரசாணையும், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழரையே குறிப்பிடுகிறது. 2022இல் வந்தவர் அதற்குள் வரமாட்டார்.

இங்கே சபையின் கையில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: ஞானஸ்நானப் பதிவேடு. முகாமில் பிறந்த பிள்ளைக்கு 1986இல் அருகிலுள்ள ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு அது ஈடாகாது. ஆனால் வழக்கறிஞருக்கு ஒரு பிடிமானம். பழைய பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் பிரதி எடுத்து வையுங்கள். ஒரே ஆளின் பெயர் மூன்று தாள்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பதும், தந்தையின் பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தாகவும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும் ஏறியிருப்பதும் மிகச் சாதாரணம். பொறுமையுள்ள ஓர் ஓய்வுபெற்ற அலுவலர், மாதம் இரண்டு சனிக்கிழமை அமர்ந்து, அந்தப் பையிலுள்ளவற்றை வகைப்படுத்தி, எங்கே எழுத்து மாறுகிறது என்று பட்டியலிட்டாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதி வழக்கறிஞருடையது. "கண்டிப்பாகக் கிடைத்துவிடும்" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டே அவர்கள் நாற்பது ஆண்டு காத்திருக்கிறார்கள்.

படிப்பும் வேலையும்

முகாம் ஆண்கள் பலருக்குத் தெரிந்த தொழில் பெயின்டிங். பட்டப்படிப்பு முடித்த இளைஞரும் சாயம் படிந்த கையோடு சாரத்தில் நிற்பதைக் காணலாம். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை, தனியார் நிறுவனமோ அடையாள அட்டையைப் பார்த்ததும் தயங்குகிறது. சபையில் கட்டட ஒப்பந்தக்காரர் இருப்பார். அவர் முகாம் தொழிலாளருக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே கூலியை, அதே சனிக்கிழமை மாலையில் கொடுக்கிறாரா என்று போதகர் தனியே விசாரிக்கவேண்டும். பரதேசியின் கூலியையும் பொழுது போகுமுன்னே கொடுக்கும்படி உபாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. காணிக்கைப் பையைவிட இந்த விசாரணைக்கு அதிகத் துணிவு தேவைப்படும்.

மாணவர் விஷயத்தில் எனக்கு ஒரே யோசனை: ஒரு மாணவருக்கு ஒரு குடும்பம் என்று மூன்று ஆண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கட்டணத்தை நேரே கல்லூரிக்குக் கட்டிவிட்டு, பேருந்துச் செலவையும் கைச்செலவையும் மாணவர் கையில் கொடுங்கள். அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். வீடு வாடகைக்கு வைத்திருக்கும் சபையார், முகாமுக்கு வெளியே குடியேற விரும்பும் குடும்பத்துக்கு ஊர் வாடகைக்கே தந்து, காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தில் தயங்காமல் கையெழுத்திட்டால் அதுவும் "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்பதற்குள் அடங்கும்.

காயங்களுக்கு முன் அமைதி

"என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்கவேண்டாம். சாட்சி சொல்லும்படி மேடைக்கு அழைக்கவே வேண்டாம். அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "எல்லாம் நன்மைக்கு ஏதுவாக" என்ற வசனத்தை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். ஆலயக் கட்டடமே எல்லாருக்கும் ஆறுதலான இடம் என்று எண்ணிவிடவும் கூடாது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. எங்கள் ஆலயத்துக்கு வரும் ஒரு பெரியவர் எவ்வளவு சொன்னாலும் உள்ளே நடுவில் உட்காரமாட்டார். வாசலை ஒட்டிய தூணருகேதான் இருப்பார். இடம் காலியாக இருக்கிறதே, முன்னால் வாருங்கள் என்று அவரை நாங்கள் அழைப்பதை நிறுத்த ஓராண்டு ஆயிற்று.

மே மாதத்தின் நடுப்பகுதியில், 2009 முள்ளிவாய்க்கால் நினைவு நாள்களை ஒட்டி, சபைக் கொண்டாட்டம் எதையும் முகாமில் வைக்காதீர்கள். புத்தாண்டு இரவு ஆராதனையில் வெடிவெடிக்கும் வழக்கமிருந்தால், அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அல்லது வெடியை விட்டுவிடுங்கள். தூக்கமின்மை, குடி, தற்கொலைப் பேச்சு ஆகியவை ஜெபத்தோடு மருத்துவரையும் கேட்பவை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லும் ஊழியரை முகாமுக்குள் அழைத்துப்போகாதீர்கள்.

விசுவாசமும் தூண்டிலும்

முகாம்களில் வாழ்பவர்களில் சைவர்கள் மிகுதி. உதவிக்குப் பின்னால் ஞானஸ்நானம் காத்திருக்கிறது என்ற ஐயம் அவர்களுக்கு இருக்கிறது. அதற்கு நாம் காரணமும் கொடுத்திருக்கிறோம். பொருள் கொடுக்குமுன் அரைமணி நேரப் பிரசங்கம் கேட்கவைப்பதும், வரிசையில் நிற்பவரிடம் துண்டுப்பிரதி திணிப்பதும், பசித்தவரின் பொறுமையை விலைக்கு வாங்குவதாகும். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் எந்த மதத்தாரோடு சேர்ந்தான் என்ற தொடர்ச்சி இல்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றதோடு கதை நிற்கிறது. ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெபிக்கக் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காதபோது பாடப்புத்தகத்தை மட்டும் திறங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களை ஆலயத்துக்கு அழைக்கும்போது, விருந்தாளியாகவே வைத்திருப்பதும் ஒருவிதத் தள்ளிவைப்புதான். பாடகர் குழுவில், வேதபாடம் வாசிப்பதில், அடுத்து கமிட்டியில் இடம் கொடுங்கள். எங்கள் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு முகாமிலிருந்து எழுபது பேரை அழைத்துப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த காலம் போய், சில ஆண்டுகளாகக் காலை ஆகாரப் பொறுப்பையே அவர்களிடம் விட்டுவிட்டோம். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். முதல் ஆண்டு "இது என்ன, ரசமா, மோரா?" என்று முகம் சுளித்த எங்கள் மூப்பர்களே மறுபடியும் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அந்த முகாம் மூதாட்டி தன் வாசலில் காய்த்த இரண்டு முருங்கைக்காய்க் கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அதை அதிக விலைக்கு ஏலம் கேட்டு அவரைக் கௌரவிக்க ஒருவர் எழுந்தபோது, "சந்தை விலைக்குக் கேளுங்கோ" என்று அதட்டினார்.

திரும்பிப் போக முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. போ என்றும் சொல்லாதீர்கள். இருங்கள் என்று கெஞ்சவும் வேண்டாம். வெளியேறும் அனுமதி, இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு, அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகத்தின் உதவி ஆகியவற்றுக்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் சபை செய்யவேண்டியது சிறிது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் ஆகியவற்றின் பதிவேட்டு நகல்களையும், இன்ன சபையின் அங்கத்தினர் என்று சொல்லும் அறிமுகக் கடிதத்தையும் முத்திரையிட்டு இரண்டு பிரதிகளாகக் கொடுங்கள். ஒன்று தாயிடமும் ஒன்று மூத்த பிள்ளையிடமும் இருக்கட்டும். லேமினேட் செய்யவேண்டாம், அடுத்த அலுவலகத்தில் அதன்மேல் இன்னொரு முத்திரை குத்தவேண்டியிருக்கும்.